ஹிஸ்டோன் மரபணுக்களும் திசுக்களும்: மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பழைய வண்ணாரப்பேட்டையில் எம்.சி. ரோட்டை ஒட்டிய ஒரு தெருவின் மாடியறையில், மாலை வேளைகளில் இளநிலை, முதுநிலை உயிரியல் மாணவர்களுக்குப் பாடம் நடத்திவருகிறேன். காசிமேடு, தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர் என வடசென்னையின் பல பகுதிகளிலிருந்தும் வரும் இந்த மாணவர்கள் செல் உயிரியலில் திரும்பத் திரும்பச் சிக்கிக்கொள்ளும் இடம் ஹிஸ்டோன்தான். பாடநூல் அதை ஒரு பக்கத்தில் முடித்துவிடுகிறது. ஆய்வகத்துக்கோ திட்டப்பணிக்கோ போகும்போதுதான் அந்த ஒரு பக்கம் போதாது என்பது தெரிகிறது. அவர்கள் கேட்ட கேள்விகளையும் நான் சொன்ன விடைகளையும் சற்று விரித்து இங்கே எழுதியிருக்கிறேன்.

ஹிஸ்டோன் என்பது என்ன?

டி.என்.ஏ. இழையைத் தம்மீது சுற்றி வைப்பதற்காகச் செல் உருவாக்கும் காரத்தன்மை கொண்ட சிறு புரதங்களே ஹிஸ்டோன்கள். லைசின், ஆர்ஜினின் என்னும் நேர்மின்சுமையுள்ள அமினோ அமிலங்கள் இவற்றில் மிகுதி, டி.என்.ஏ. எதிர்மின்சுமை கொண்டது, ஆகவே இரண்டும் இறுகப் பிணைகின்றன. எச்2ஏ, எச்2பி, எச்3, எச்4 ஆகிய நான்கிலும் இரண்டிரண்டு மூலக்கூறுகள் சேர்ந்து எட்டு புரதங்களாலான ஓர் உருளை அமைகிறது. அதன்மீது 147 கார இணை (டி.என்.ஏ. ஏணியின் ஒரு படியே ஒரு கார இணை) நீளமுள்ள டி.என்.ஏ. சுமார் 1.65 சுற்றாகச் சுற்றிக்கொள்ளும்போது கிடைப்பதே நியூக்ளியோசோம். அந்தச் சுற்று பிரியாதபடி வெளியிலிருந்து பற்றிக்கொண்டு, அடுத்த நியூக்ளியோசோமுக்குச் செல்லும் இணைப்பு இழையோடும் சேர்ந்து நிற்பது எச்1.

எங்கள் தெருவிலிருக்கும் தையற்கடைகளின் பாபினைக் காட்டித்தான் இதை விளக்குவது வழக்கம். மனித செல் ஒன்றின் உட்கருவுக்குள் ஏறக்குறைய 2 மீட்டர் நீள டி.என்.ஏ. அடங்கியிருக்கிறது, உட்கருவின் விட்டமோ ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கைத் தாண்டுவதில்லை. பாபின் உவமை இந்த அளவோடு நின்றுவிட வேண்டும். தையற்கடை பாபின் எந்த நூலுக்கும் ஒன்றுதான். செல்லின் பாபினோ திசுவுக்குத் திசு மாறுகிறது. இந்தப் பக்கத்தின் பொருளே அந்த மாற்றம்தான்.

உடலின் எல்லாச் செல்களிலும் மரபணுக்கள் ஒன்றே என்னும்போது, ஹிஸ்டோன்கள் மட்டும் திசுவுக்குத் திசு எப்படி மாறும்?

மரபணு இருப்பது வேறு, அது வெளிப்படுவது, அதாவது அதிலிருந்து ஆர்.என்.ஏ.-வும் புரதமும் உருவாவது, வேறு. ஹிஸ்டோன்களைப் பொறுத்தவரை வெளிப்பாட்டைத் தீர்மானிக்கும் முதற்காரணம் அந்தச் செல் பிரிகிறதா, பிரிவதை நிறுத்திவிட்டதா என்பதாகும். பிரியும் செல்லுக்கு ஒவ்வொரு முறையும் டி.என்.ஏ. இரட்டிப்பாவதால், அதற்கு ஈடாகப் புதிய ஹிஸ்டோன்கள் மொத்தமாகத் தேவைப்படுகின்றன. பிரிவதை நிறுத்திய நியூரானுக்கும் இதயத் தசைச் செல்லுக்கும் அவ்வப்போது தேய்ந்ததை மாற்றும் அளவுக்குத்தான் தேவை. இவ்விரு தேவைகளுக்கும் நம் மரபுத்தொகுதியில் தனித்தனி மரபணுக் குழுக்கள் உள்ளன. முதல் குழுவை ‘இரட்டிப்பைச் சார்ந்தவை’ என்றும், இரண்டாவதை ‘மாற்று வகைகள்’ என்றும் அழைப்போம். இந்தப் பிரிவினை மனத்தில் பதிந்துவிட்டால் பின்வரும் கேள்விகளில் பாதி தானாகவே தெளிந்துவிடும்.

ஒரே புரதத்துக்கு இத்தனை மரபணுக்கள் எதற்கு?

இரட்டிப்பைச் சார்ந்த மரபணுக்களில் ஐம்பதுக்கும் மேற்பட்டவை மனிதனின் 6-ஆம் குரோமோசோமில் ஒரே கொத்தாக அமைந்துள்ளன. 1-ஆம் குரோமோசோமில் மேலும் இரு சிறு கொத்துகள் இருக்கின்றன. எச்4 புரதத்துக்கு மட்டும் பத்துக்கும் மேற்பட்ட மரபணுக்கள் உண்டு. அவை ஏறக்குறைய அனைத்தும் உருவாக்குவது எழுத்து மாறாத ஒரே புரதத்தைத்தான்.

காரணத்தை ஒரு கணக்குப் போட்டே காண்பிக்கலாம். மனித செல்லில் உள்ள டி.என்.ஏ. ஏறக்குறைய 640 கோடி கார இணைகள் கொண்டது. இணைப்பு இழையையும் சேர்த்து 200 கார இணைக்கு ஒரு நியூக்ளியோசோம் என்று வைத்தால் சுமார் 3 கோடி நியூக்ளியோசோம்கள் வருகின்றன. செல் பிரிவதற்கு முன் இன்னொரு 3 கோடி வேண்டும். ஒன்றுக்கு எட்டு புரதம் என்றால் 24 கோடி ஹிஸ்டோன் மூலக்கூறுகள். டி.என்.ஏ. இரட்டிப்பாகும் எஸ் கட்டம் நீடிப்பது ஏறக்குறைய 8 மணி நேரம். அப்படியானால் நொடிக்கு எட்டாயிரத்துக்கும் குறையாத ஹிஸ்டோன்களைச் செல் உருவாக்கியாக வேண்டும். ஒற்றை மரபணுவால் இதற்கு ஈடுகொடுக்க முடியாது. கடல் முள்ளெலியில் இம்மரபணுக்கள் நூற்றுக்கணக்கான பிரதிகளாக அடுத்தடுத்து அமைந்திருப்பதற்கும் காரணம் இதுவே: கருவுற்ற சில மணி நேரத்திலேயே அதன் கரு அடுத்தடுத்து மிக விரைவாகப் பிரிகிறது.

இத்தனை பிரதிகள் இருந்தும் அந்தப் புரதம் மாறாமல் காக்கப்பட்டிருப்பது என்னை இன்றும் வியக்கவைக்கிறது. 102 அமினோ அமிலங்கள் கொண்ட எச்4-ஐக் கன்றின் தைமஸிலிருந்தும் பட்டாணிச் செடியிலிருந்தும் எடுத்து ஒப்பிட்டபோது, இரண்டே இரண்டு இடங்களில்தான் வேறுபாடு காணப்பட்டது.

இந்த மரபணுக்களின் தூது ஆர்.என்.ஏ. மற்றவற்றிலிருந்து எப்படி வேறுபடுகிறது?

இந்தக் கேள்வியில் யாரும் அவசரப்பட வேண்டாம். அடுத்த கேள்வியின் விடை முழுவதும் இதன்மேல்தான் நிற்கிறது. புரதம் உருவாக்குவதற்காக மரபணுவிலிருந்து எடுக்கப்படும் படியே தூது ஆர்.என்.ஏ. நம் மரபணுக்கள் பெரும்பாலானவற்றில் இண்ட்ரான் என்னும் இடைத்துண்டுகள் உண்டு. அவற்றின் தூது ஆர்.என்.ஏ.-வின் முடிவில் அடினின்களாலான நீண்ட வால் ஒன்று சேர்க்கப்படும். அதையே பாலி-ஏ வால் என்கிறோம். இரட்டிப்பைச் சார்ந்த ஹிஸ்டோன் மரபணுக்களில் இண்ட்ரான் இல்லை. அவற்றின் தூது ஆர்.என்.ஏ.-வுக்குப் பாலி-ஏ வாலும் இல்லை. வால் இருக்க வேண்டிய இடத்தில் ஆர்.என்.ஏ. தன்மீதே மடிந்து, கொண்டை ஊசி போன்ற ஒரு கண்ணியாக முடிகிறது. அந்தக் கண்ணியைப் பற்றிக்கொள்ளத் தனிப் புரதம் ஒன்று உண்டு. அதன் பெயர் எஸ்.எல்.பி.பி. வால் செய்யும் வேலைகளையெல்லாம், அதாவது ஆர்.என்.ஏ.-வை உட்கருவிலிருந்து வெளியேற்றுவதையும், புரதமாக்கத் துணைநிற்பதையும், உரிய நேரத்தில் சிதையச் செய்வதையும், இந்தக் கண்ணியும் அதைப் பற்றிய புரதமும் சேர்ந்தே செய்துவிடுகின்றன.

உரிய நேரத்தில் சிதைவது இங்கே மிக முக்கியம். எஸ் கட்டத்தில் இந்தத் தூது ஆர்.என்.ஏ.-வின் அளவு ஏறக்குறைய 35 மடங்கு உயர்கிறது. இரட்டிப்பு முடிந்ததும், அல்லது மருந்தால் நிறுத்தப்பட்டதும், சில நிமிடங்களிலேயே சரிந்துவிடுகிறது. டி.என்.ஏ.-வோடு சேராமல் உதிரியாகத் திரியும் ஹிஸ்டோன் செல்லுக்கு நஞ்சு என்பதால்தான் இவ்வளவு கண்டிப்பு.

திசுத் தரவுத்தளத்தில் பார்த்தால் பல ஹிஸ்டோன் மரபணுக்களுக்குப் பூஜ்யம் என்றே வருகிறது. அந்தத் திசுவில் ஹிஸ்டோனே இல்லையா?

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். கடந்த ஆண்டு ஒரு மாணவி, எலும்பு மஜ்ஜையிலும் ஈரலிலும் ஒரே எச்4 மரபணுவுக்கு மிகச் சிறிய எண்களே வந்திருப்பதைக் கண்டு, இரண்டு திசுக்களிலும் அந்த மரபணு அணைந்துகிடப்பதாகத் தம் திட்டப்பணி அறிக்கையில் எழுதிவிட்டார். எலும்பு மஜ்ஜை நொடிக்கு இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட சிவப்பணுக்களை உருவாக்கும் திசு. அங்கே ஹிஸ்டோன் மரபணு அணைந்திருக்க வழியே இல்லை.

அவருடைய எண்களில் பிழை இல்லை. எண்கள் எந்த முறையில் எடுக்கப்பட்டன என்பதைத்தான் அவர் பார்க்கவில்லை. ஆர்.என்.ஏ. வரிசையறியும் ஆய்வுகளில் பல, மாதிரியிலுள்ள ஆர்.என்.ஏ.-வைப் பாலி-ஏ வாலைக் கொண்டே பிடித்தெடுக்கின்றன. தைமின்களாலான தூண்டில் ஒன்றை இட்டு, அடினின் வாலுள்ளவற்றை மட்டும் மேலே இழுப்பது போன்றது இது. வாலில்லாத ஹிஸ்டோன் தூது ஆர்.என்.ஏ. அந்தத் தூண்டிலில் சிக்காமல் கழுவப்பட்டுப் போய்விடும். கடலில் மீன் இல்லாததற்கும் வலையின் கண் பெரிதாக இருந்ததற்கும் உள்ள வேறுபாடு காசிமேட்டுப் பிள்ளைகளுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ரைபோசோம் ஆர்.என்.ஏ.-வை மட்டும் நீக்கிவிட்டு மீதி அனைத்தையும் படிக்கும் முறையில் எடுத்த தரவில், அதே மஜ்ஜையில் அதே மரபணுக்கள் உயர்ந்து நிற்பதைக் காணலாம்.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. பிரிவதை நிறுத்திச் சிறப்படைந்துவிட்ட செல்களில், இரட்டிப்பைச் சார்ந்த ஹிஸ்டோன் மரபணுக்கள் சில, வழக்கத்துக்கு மாறாகப் பாலி-ஏ வாலுடன் கூடிய ஆர்.என்.ஏ.-வைச் சிறிதளவு உருவாக்குகின்றன. ஆகவே வாலைக் கொண்டு பிடிக்கும் முறையில், பிரியாத திசுவில் ஏதோ தென்பட்டு, பிரியும் திசுவில் குறைவாகத் தென்படும் தலைகீழ் நிலைகூட நேரலாம். அந்த அட்டவணையை அப்படியே நம்பினால் முடிவு முற்றிலும் எதிர்த்திசையில் போய்விடும்.

கடைசியாக ஒன்று: ஆர்.என்.ஏ. குறைவாக இருப்பதற்கும் புரதம் இல்லாமல் இருப்பதற்கும் தொடர்பில்லை. மூளை செல்களில் ஹிஸ்டோன் புரதம் மாதக்கணக்கில் நிலைத்திருக்கும். நேற்று எழுதாத கடிதமும் இன்று மேசைமேல் இருக்கலாம் அல்லவா?

அப்படியானால் திசு அட்டவணையிலுள்ள உயர்ந்த எண் எதைக் காட்டுகிறது?

சரியான முறையில் எடுத்த தரவாயின், அந்தத் திசுவின் செல்களில் எத்தனை பங்கு எஸ் கட்டத்தில் இருந்தன என்பதையே பெரும்பாலும் காட்டுகிறது. மஜ்ஜை, தைமஸ், சில நாட்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும் குடலின் உட்சுவர், தோலின் அடி அடுக்கு, விந்தகம் ஆகியவை உயர்ந்து நிற்கும். ஓய்விலிருக்கும் ஈரல் தாழ்ந்து நிற்கும். ஆனால் எலியின் ஈரலில் பெரும்பகுதியை அறுத்தெடுத்தால், எஞ்சிய பகுதி ஏறக்குறைய ஒரு நாளுக்குள் எஸ் கட்டத்தில் நுழைந்து, ஹிஸ்டோன் ஆர்.என்.ஏ. மளமளவென்று ஏறுகிறது. திசு அதுவே, மரபணுவும் அதுவே. மாறியது செல்லின் நிலை மட்டுமே.

நியூரான் பிரிவதில்லை. அதன் ஹிஸ்டோன்கள் எங்கிருந்து வருகின்றன?

மாற்று வகை மரபணுக்களிலிருந்து வருகின்றன. இவற்றுள் நன்கு அறியப்பட்டது எச்3.3. வழக்கமான எச்3.1-லிருந்து ஐந்தே அமினோ அமிலங்களில் வேறுபடும் இப்புரதத்தை, 1-ஆம் குரோமோசோமிலும் 17-ஆம் குரோமோசோமிலும் தனித்தனியே அமைந்த இரு மரபணுக்கள் உருவாக்குகின்றன. இவை கொத்தில் இல்லை, இவற்றில் இண்ட்ரான் உண்டு, இவற்றின் ஆர்.என்.ஏ.-வுக்குப் பாலி-ஏ வாலும் உண்டு. எஸ் கட்டத்துக்குக் காத்திராமல் எந்நேரமும் வெளிப்படுவதால், பிரியாத செல்லில் பழைய எச்3 கழன்ற இடத்தில் வந்து அமர்வது இதுவே.

ஆண்டுகள் செல்லச்செல்ல இந்த மாற்றம் சேர்ந்துகொண்டே போகிறது. 2015-இல் வெளியான ஓர் ஆய்வு, சுண்டெலியின் மூளை நியூரான்களில் பிறப்புக்குப் பின் எச்3.3-இன் பங்கு படிப்படியாக ஏறி, முதிர்ந்த வயதில் எச்3 அனைத்தும் கிட்டத்தட்ட அதுவாகவே ஆகிவிடுவதைக் காட்டியது. புதிய எச்3.3 வராமல் தடுத்தபோது நியூரான்களின் இணைப்புகளும் நினைவாற்றலும் பாதிக்கப்பட்டன. எனவே எச்3.3-ஐ உதிரி பாகம் என்று மட்டும் எண்ணிவிடக்கூடாது; கற்றலோடு அதற்குத் தொடர்பு இருக்கிறது.

எச்1-இல் பதினொரு வகைகள் எதற்கு?

உடற்செல்களில் ஏழும், இனப்பெருக்கச் செல்களுக்கென நான்குமாக மனிதனில் எச்1 பதினொரு வகைப்படும். எச்1.2, எச்1.4 ஆகியவை ஏறக்குறைய எல்லாத் திசுக்களிலும் இருக்கின்றன, எச்1.1 சில திசுக்களிலேயே காணப்படுகிறது, எச்1.0 பிரிவதை நிறுத்திய செல்களில் சேர்கிறது. ஏதாவது ஒரு வகையை மட்டும் நீக்கிய சுண்டெலி பெரிய குறையின்றி வாழ்ந்துவிடுகிறது, ஏனெனில் மற்ற வகைகள் அந்த இடத்தை நிரப்பிவிடுகின்றன. மூன்று வகைகளை ஒருசேர நீக்கி மொத்த எச்1-ஐப் பாதியாகக் குறைத்தபோதோ கரு பாதி வளர்ச்சியிலேயே இறந்துவிட்டது. எந்த வகை என்பதைவிட எவ்வளவு என்பதே உயிர் பிழைப்பதற்கு முதன்மையானது என்று இதிலிருந்து நான் புரிந்துகொள்கிறேன்.

கோழி இரத்தத்தில் ஹிஸ்டோன் உண்டு, மனிதனின் சிவப்பணுவில் இல்லை என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான், இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். தண்டையார்பேட்டையில் ஒரு கோழிக்கடையிலிருந்து மாணவர்கள் வாங்கிவந்த இரத்தத்தில் ஒரு துளியைக் கண்ணாடி வில்லையில் மெல்லியதாக இழுத்து, உலரவிட்டு, லீஷ்மன் சாயமிட்டுப் பார்த்தோம். நீள்வட்டமான செல்கள், இளஞ்சிவப்பு உடல், ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு கருநீலப் பொட்டு. அந்தப் பொட்டுதான் உட்கரு. அருகிலேயே மனித இரத்தத்தின் வில்லையை வைத்தால் வட்டமான தட்டுகள் மட்டும் தெரியும். நடு வெளிறியிருக்கும், பொட்டு இருக்காது. பாலூட்டிகளின் சிவப்பணு முதிரும்போது உட்கருவை வெளியே தள்ளிவிடுவதால், டி.என்.ஏ.-வும் அதைச் சுற்றிய ஹிஸ்டோனும் சேர்ந்தே போய்விடுகின்றன.

கோழியின் உட்கரு அவ்வளவு இறுக்கமாகத் தெரிவதற்குக் காரணம் எச்5 என்னும் புரதம். இது எச்1-இன் உறவினம். பறவைகளின் சிவப்பணு வரிசையில் மட்டுமே பெருமளவில் வெளிப்பட்டு, எச்1-இன் இடத்தைப் பெரிதும் பிடித்துக்கொண்டு, மரபணுக்களை ஏறக்குறைய முழுவதும் அடக்கிவிடுகிறது. ஒரே திசுவுக்கென அமைந்த ஹிஸ்டோனுக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. ஹிஸ்டோன் என்னும் பொருளே முதன்முதலில் பறவையின் இரத்தத்திலிருந்துதான் கிடைத்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: 1884-இல் ஆல்பிரெக்ட் கோசெல் வாத்தினப் பறவையின் சிவப்பணு உட்கருக்களிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார். 1910-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

விந்தகத்தில் மட்டும் வெளிப்படும் ஹிஸ்டோன்கள் எவை?

எச்1டி, விந்தக எச்2பி, எச்3டி ஆகியவற்றைக் குறிப்பிட்டுச் சொல்லலாம். விந்தணு உருவாகும் பாதையில் முதலில் இவை வழக்கமான ஹிஸ்டோன்களின் இடத்துக்கு வருகின்றன. பிறகு இடைநிலைப் புரதங்கள் வருகின்றன. கடைசியில் ஆர்ஜினின் நிறைந்த புரோட்டமின்கள் வந்து டி.என்.ஏ.-வை இன்னும் இறுக்கிக் கட்டுகின்றன. மனித விந்தணுவில் ஏறக்குறைய 5 முதல் 15 விழுக்காடு ஹிஸ்டோன் மட்டும் எஞ்சுகிறது. எச்1டி-யின் மரபணு அதே 6-ஆம் குரோமோசோம் கொத்துக்குள்தான் இருக்கிறது. பக்கத்துவீட்டு மரபணுக்கள் உடலெங்கும் வெளிப்பட, இது மட்டும் விந்தகத்தில் வெளிப்படுகிறது. அருகருகே இருப்பதால் ஒன்றுபோல் வெளிப்படும் என்று எண்ணக்கூடாது.

ஹிஸ்டோன் மரபணுவே பிழைபட்டால் என்ன ஆகும்?

2012-இல் குழந்தைகளின் மூளைத்தண்டில் வரும் கொடிய புற்றுக்கட்டிகளில் எச்3-இன் 27-ஆவது இடத்திலுள்ள லைசின் மெத்தியோனினாக மாறியிருப்பது கண்டறியப்பட்டது. அக்கட்டிகளில் ஐந்தில் ஏறக்குறைய நான்கில் இந்தப் பிழை இருக்கிறது. எச்3-க்குப் பல மரபணுக்கள் இருக்க, ஒன்றின் ஒரு பிரதியில் நேரும் பிழையே போதுமானதாகிறது. மாறிய புரதம் சிறுபான்மையாக இருந்தும், மரபணுக்களை அடக்கிவைக்கும் மெத்தில் குறியை உட்கரு முழுவதிலும் குலைத்துவிடுகிறது.

நம் பொருளுக்கு நெருக்கமான செய்தி இனிமேல்தான் வருகிறது. அதே புரதத்தின் 34-ஆவது இடத்தில் கிளைசின் ஆர்ஜினினாக மாறினால், கட்டி மூளைத்தண்டில் வருவதில்லை. பெருமூளை அரைக்கோளங்களில், சற்று வளர்ந்த பிள்ளைகளிடம் வருகிறது. எலும்பில் நிலைமை இன்னும் வியப்பானது. எச்3.3-ஐ உருவாக்கும் இரு மரபணுக்களும் தருவது ஒரே புரதம் என்று மேலே சொன்னேன். எலும்பில் வரும் இராட்சதச் செல் கட்டியில் பிழை பெரும்பாலும் 1-ஆம் குரோமோசோம் மரபணுவில் இருக்கிறது. இளவயதினரின் எலும்பு முனைகளில் வரும் காண்ட்ரோபிளாஸ்டோமாவிலோ பெரும்பாலும் 17-ஆம் குரோமோசோம் மரபணுவில் இருக்கிறது. புரதம் ஒன்றேயானாலும் எந்த மரபணு, எந்தச் செல்லில், எந்த வயதில் என்பதைப் பொறுத்து நோய் மாறுகிறது. திசு வாரியான வெளிப்பாட்டை ஏன் இவ்வளவு விரிவாகப் படிக்க வேண்டும் என்று கேட்பவர்களிடம் நான் எடுத்துக்காட்டுவது இதைத்தான்.

பயாப்சி அறிக்கையில் ‘பாஸ்போ ஹிஸ்டோன் எச்3’ என்று எழுதியிருந்தால், ஹிஸ்டோன் கூடிவிட்டது என்று பொருளா?

இல்லை. செல் பிரியும் வேளையில் எச்3-இன் 10-ஆவது இடத்திலுள்ள செரினில் பாஸ்பேட் ஒட்டிக்கொள்கிறது. அதை மட்டும் பற்றும் சாயத்தைக் கொண்டு, எத்தனை செல்கள் பிரிந்துகொண்டிருக்கின்றன என்று நோயியல் மருத்துவர் எண்ணுகிறார். மரபணு வெளிப்பாட்டின் அளவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. அறிக்கையின் பொருளை மருத்துவரிடமே கேட்க வேண்டும்.

பழைய கட்டுரையிலுள்ள பெயரும் தரவுத்தளத்திலுள்ள பெயரும் பொருந்தவில்லையே?

பெயர்கள் மாற்றப்பட்டுவிட்டன. கொத்தின் எண்ணை முன்னால் வைத்து ஹிஸ்ட்1எச்4ஏ என்று எழுதப்பட்டது இப்போது எச்4சி1. பாலூட்டிகளின் ஹிஸ்டோன் மரபணுக்களுக்கான இந்தப் புதிய பெயரிடல் 2022-இல் கட்டுரையாக வெளியானது. தேடும்போது இரண்டு பெயர்களையும் இட்டுத் தேடுவது நல்லது.

திட்டப்பணியில் ஹிஸ்டோன் மரபணு வெளிப்பாட்டை அளக்க விரும்புகிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

ஆர்.என்.ஏ.-விலிருந்து டி.என்.ஏ. படி எடுக்கும்போது தைமின் வரிசையாலான தொடக்கியை (படியெடுப்பைத் தொடங்கிவைக்கும் சிறு இழையை) பயன்படுத்தாதீர்கள். ஆறெழுத்துக் கலவைத் தொடக்கியைப் பயன்படுத்துங்கள். இம்மரபணுக்களில் இண்ட்ரான் இல்லாததால், மாதிரியில் கலந்திருக்கும் மரபுத்தொகுதி டி.என்.ஏ.-வும் அதே நீளத்தில் பெருகிவந்து உங்களை ஏமாற்றும். ஆகவே டி.என்.ஏ. சிதைக்கும் நொதியைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். படியெடுக்கும் நொதி சேர்க்காத குழாய் ஒன்றையும் ஒப்பீட்டுக்கு வைக்க வேண்டும். எச்4 மரபணுக்கள் ஒன்றுக்கொன்று மிக நெருங்கியவை. எனவே தொடக்கிகளைப் புரதக் குறியீட்டுப் பகுதிக்கு வெளியே, மரபணுவுக்கு மரபணு மாறும் ஓரப்பகுதிகளில் அமைத்துக்கொள்ளுங்கள். இரு திசுக்களை ஒப்பிடுவதானால், ஒவ்வொன்றிலும் எத்தனை விழுக்காடு செல்கள் எஸ் கட்டத்தில் உள்ளன என்பதையும் அளந்து, அந்த எண்ணை அட்டவணையில் பக்கத்திலேயே எழுதுங்கள். நான் முன்னே குறிப்பிட்ட மாணவி இந்த முறையில் செய்த இரண்டாம் சுற்றில், டி.என்.ஏ. பெருகுவதைக் காட்டும் வரைபடத்தில் மஜ்ஜையின் கோடு குறைந்தது எட்டு பெருக்கச் சுழற்சிகள் முன்னதாகவே எழும்பிவிட்டது. ஈரலின் கோடு கீழேயே தங்கியிருந்தது.